வரைபடம் பச்சை, வாக்கிடாக்கி மௌனம்: வடசென்னையில் ரேடியோ திட்டம் பிசகினால் எங்கே தேடுவது

ராயபுரத்திலிருந்து பொன்னேரி வரை கிடங்குகளுக்கும் கண்டெய்னர் யார்டுகளுக்கும் சிறு தொழிற்சாலைகளுக்கும் வாக்கிடாக்கி ரிப்பீட்டர் (அலையை வாங்கி மறுபடி அனுப்பும் கருவி) வைப்பதும், ஒரு மொட்டை மாடியிலிருந்து இன்னொரு மொட்டை மாடிக்கு வயர்லெஸ் இணைப்புப் போடுவதும் என் பிழைப்பு. வாரத்துக்கு ஒரு அழைப்பாவது இப்படி வந்துவிடும்: "மேப்பில் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கிறது சார், ஆனால் ஒன்றும் எடுக்கவில்லை."

மேப் என்பது ரேடியோ திட்ட மென்பொருள் வரைவது: நிலத்தின் உயரத் தரவுக் கோப்பை ஏற்றி, கம்பத்தின் இடத்தையும் உயரத்தையும் கொடுத்தால், அலை எட்டும் இடத்தைப் பச்சையாகக் காட்டும். மலையுள்ள ஊரில் உயரத் தரவு தவறினால் மலையே காட்டிக்கொடுத்துவிடும். வடசென்னையில் காட்டிக்கொடுக்க ஒன்றும் கிடையாது. நிலம் கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே கிடக்கிறது, அவ்வளவுதான். கோப்பைச் சரியாக ஏற்றினாலும் தட்டை, தப்பாக ஏற்றினாலும் தட்டை. அதனால் முதலில் கோப்பைச் சந்தேகியுங்கள், பிறகு களத்துக்குப் போங்கள். கீழே உள்ள வரிசையும் அதுதான்: காசு செலவில்லாதது முன்னால், கம்பம் மாற்றுவது கடைசியில்.

## நிலத்தின் உயரம் விசித்திரமாக வருகிறது

எங்கே தொட்டாலும் 0

எண்ணூரில் 0 என்று வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அதுதான் ஆபத்து. தரவே ஏறாதபோதும் பல மென்பொருள்கள் 0 என்றே காட்டும். ஒரே சோதனை போதும்: பரங்கிமலையைத் தொட்டுப் பாருங்கள். சுற்றுவட்டாரத்தில் கண்ணுக்குத் தெரியும் மேடு அது; உயரம் சுமார் 300 அடி. அங்கும் 0 என்றால் கோப்பு ஏறவில்லை, அல்லது நீங்கள் சென்னையிலேயே இல்லை. (இந்தியாவின் பெரிய முக்கோண அளவைக்கு 1802இல் முதல் அடிக்கோடு அளந்ததும் அந்த மலையை ஒட்டித்தான். நமக்கும் அது அளவுகோலாகப் பயன்படுவது பொருத்தம்.)

சென்னையில் இல்லை என்றால் எங்கே இருக்கிறீர்கள்? அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றிப் போட்டிருந்தால் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு அருகே, ஆர்க்டிக் கடலில். ஸ்ப்ளாட் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்குத் தனிப் பள்ளம் ஒன்று உண்டு. அது தீர்க்கரேகையை மேற்கு நோக்கி எண்ணுகிறது. சென்னைக்கு மைனஸ் 80.27 என்று கொடுக்க வேண்டும். வெறும் 80.27 என்று கொடுத்தால் கம்பம் கரீபியன் கடலில் போய் நிற்கும். அங்கும் உயரம் 0தான்.

மைனஸ் 80, மைனஸ் 90

தரவு கெடவில்லை. எந்த மட்டத்திலிருந்து அளந்தது என்பதுதான் வேறு. சில கோப்புகள் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து அளக்காமல், பூமிக்கு வகுத்த கணித வடிவமான எலிப்சாய்டிலிருந்து அளக்கின்றன. நம் பக்கத்தில் கடல்மட்டம் அந்த வடிவத்துக்கு எண்பது மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது. உலகிலேயே ஆழமான அந்தப் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இருக்கிறது, நாம் அதன் சரிவில் இருக்கிறோம். இஸ்ரோவின் புவன் தளத்தில் கிடைக்கும் கார்ட்டோசாட் செயற்கைக்கோளின் உயரத் தரவை அப்படியே ஏற்றினால் இந்த மைனஸ் வரும். எல்லாப் புள்ளியும் ஒரே அளவு இறங்கியிருந்தால் இணைப்புக் கணக்குக்குக் கேடில்லை. ஒரு முனையின் உயரம் ஒரு கோப்பிலிருந்தும் மறுமுனை வேறு கோப்பிலிருந்தும் வந்தால்தான் கதை கெடும். இரண்டையும் கலக்காதீர்கள்.

மைனஸ் 32768

அளவு இல்லாத ஓட்டை என்பதற்கான குறி. ரேடார் நீர்ப்பரப்பில் அடிக்கடி இப்படி விடும். ஓட்டை அடைத்த பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள்.

256, 512, 1280

எண்கள் எல்லாம் 256இன் மடங்காக வந்தால் கோப்பின் பைட் வரிசை தலைகீழாகப் படிக்கப்படுகிறது. 5 மீட்டர் நிலம் 1280 மீட்டர் ஆகிவிடும். தண்டையார்பேட்டை கொடைக்கானலோடு போட்டிபோடுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மென்பொருளில் கோப்பு வகையை மாற்றுங்கள்.

இந்தப் பகுதியில் எதற்கும் ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை. கூப்பிட்டுக் காசு கொடுத்தால் அது உங்கள் விருப்பம்.

## கம்பம் வேறு ஊரில் நிற்கிறது

பத்தில் எட்டுத் தடவை டிகிரி-நிமிடக் குழப்பம். மணலி 13 டிகிரி 10 நிமிடம் வடக்கு, 80 டிகிரி 16 நிமிடம் கிழக்கு. அதை 13.10, 80.16 என்று தட்டினால் கம்பம் அம்பத்தூர்ப் பக்கம் போய்விடும். கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர் தள்ளி. சரியான எண் 13.1667, 80.2667. நிமிடத்தை 60ஆல் வகுக்க வேண்டும். அம்பத்தூரும் தட்டை, மணலியும் தட்டை என்பதால் பக்கவாட்டுப் படத்தில் வித்தியாசமே தெரியாது. முடிவைப் பார்க்கும் முன் கம்பத்தின் புள்ளியைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் போட்டு, அது உங்கள் கூரையின் மேல்தான் விழுகிறதா என்று பாருங்கள்.

கூரைக்குப் பக்கத்தில், நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழுந்தால் இடத்தைப் பழைய சர்வே தாளிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். அந்தத் தாள்கள் எவரெஸ்ட் என்ற பழைய எலிப்சாய்டின் அடிப்படையில் வரையப்பட்டவை; இன்றைய ஜிபிஎஸ் வேறு அடிப்படை. தாளை ஒதுக்கிவிட்டு, செல்பேசியோடு மாடி ஏறிப் புள்ளியை எடுங்கள்.

## பச்சைப் பகுதி கத்தியால் வெட்டியது போல் நேர்கோட்டில் முடிகிறது

ரேடியோ அலை நேர்கோட்டில் நிற்காது. கோப்புதான் நிற்கும். உயரத் தரவு ஒரு டிகிரிக்கு ஒரு கட்டமாக வருகிறது. கட்டத்தின் பெயர் அதன் தென்மேற்கு மூலையைக் குறிக்கும். வடசென்னை முழுவதும் 13 வடக்கு, 80 கிழக்குக் கட்டத்துக்குள் அடங்கும். ஆனால் 13 டிகிரிக் கோடு கிண்டி, அடையாறுக்குச் சற்றே தெற்கே ஓடுகிறது. 80 டிகிரிக் கோடு ஆவடிக்கும் திருவள்ளூருக்கும் நடுவே. தெற்கே வேளச்சேரியோ மேற்கே திருவள்ளூரோ சேர வேண்டுமானால் பக்கத்துக் கட்டங்களையும் இறக்குங்கள்.

## எல்லாம் பச்சை, களத்தில் ஒன்றும் இல்லை

முக்கால்வாசி அழைப்புகள் இதற்குத்தான். மலிவான காரணத்திலிருந்து பார்க்கலாம்.

கம்பத்தின் உயரம் அடியா, மீட்டரா? வெல்டிங் பட்டறையில் எல்லாம் அடிக் கணக்கு. மென்பொருளில் மீட்டர். "40 அடிக் கம்பம்" என்று கேட்டு 40 என்றே தட்டியவர்கள் ஏராளம். நானும் ஒரு முறை. 40 அடி என்பது 12.2 மீட்டர். தட்டைத் தரையில் 40 மீட்டருக்கு ரேடியோ அடிவானம் 26 கிலோமீட்டர், 12.2 மீட்டருக்கு 14 கிலோமீட்டர். பச்சையில் பாதி அங்கேயே பொய்.

கேட்கும் பக்கத்தின் உயரம் என்ன? சில மென்பொருள்கள் தாமாகவே 10 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளும். இடுப்பில் வாக்கிடாக்கி மாட்டிய காவலாளி 10 மீட்டர் உயரம் இல்லை. 1 மீட்டர் என்று போட்டு மறுபடி ஓட்டுங்கள். தகரக் கொட்டகைக்குள் நிற்பவருக்கு இன்னும் 15, 20 டெசிபலாவது கழித்துவிடுங்கள்.

கட்டடத்தை இரண்டு முறை எண்ணினீர்களா? விண்ணிலிருந்து எடுத்த தரவு பெரும்பாலும் வெறும் மண்ணை அளப்பதில்லை. கூரை, மர உச்சி இவற்றின் சாயலும் அதில் கலந்திருக்கும். பெரிய கிடங்கு ஒன்று அதில் ஏற்கெனவே மேடாக இருந்து, அதன் மேல் நீங்கள் கூரை உயரத்தையும் கூட்டிக் கொடுத்தால் ஆன்டெனா காற்றில் மிதக்கும். அந்தப் புள்ளியில் தரவு சொல்லும் உயரத்தையும் பக்கத்துக் காலி மனையின் உயரத்தையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

தரவுக்கு என்ன வயது? இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் தரவு 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் சுற்றி எடுத்தது. புள்ளிக்குப் புள்ளி 30 மீட்டர். அதன் உயரத்துக்கு வைத்த பிழை வரம்பு 16 மீட்டர். நடைமுறையில் அதைவிட நன்றாகவே இருக்கும் என்றாலும், உங்கள் நிலமே 5 மீட்டர்தான் என்பதை மறக்கக் கூடாது. அடுத்த தலைமுறையான கோப்பர்னிகஸ் 30 மீட்டர்த் தரவு தெளிவானது. ஆனால் அதன் அளவுகளும் 2011 முதல் 2015 வரை எடுத்தவை. விம்கோ நகர் வரையிலான மெட்ரோ 2021 பிப்ரவரியில்தான் திறந்தது. ஆகவே திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் தலைக்கு மேல் இன்று ஓடும் பாலம் இரண்டிலும் இல்லை. எண்ணூர்த் துறைமுகம் செயல்படத் தொடங்கியது 2001இல். அதன்பின் அங்கே எழுந்த எதுவும் எஸ்ஆர்டிஎம்முக்குத் தெரியாது.

தேரடிப் பக்கம் ஒரு மாடியிலிருந்து மேற்கே போட்ட இணைப்பு சில நிமிடங்களுக்கு ஒருமுறை நான்கைந்து நொடி தடுமாறியது. ஒரு மாலை முழுக்க மாடியில் உட்கார்ந்து, தடுமாறும் நேரத்தை நோட்டில் குறித்தேன். பதினோராவது குறிப்பின்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தேன்: ரயில் போய்க்கொண்டிருந்தது. பாலத்துக்கு மேலே அலை தப்பித்துப் போயிருக்கிறது, பெட்டிகளுக்கு மேலே தப்பவில்லை. தவறு ரயிலுடையது அல்ல, பழைய தரவை நம்பிக் கம்பத்தைக் குட்டையாக வைத்த என்னுடையது. 3 மீட்டர்க் குழாய் ஒன்று கூடுதலாகச் சேர்த்தேன், தீர்ந்தது.

தடையின் உயரத்தை நீங்களே அளந்தீர்களா? என் வழக்கம் இது: மண்ணுக்கான தரவை ஒரு தட்டைப் பலகை என்று எடுத்துக்கொண்டு, உழைப்பையெல்லாம் பலகையின் மேல் இருப்பவற்றில் செலவிடுவது. இரு முனைகளுக்கும் இடையே கோடு போட்டு, அந்தக் கோட்டை ஒட்டி வண்டியில் போங்கள். வீடு என்றால் மாடிக்கு 3 மீட்டர். கண்டெய்னர் என்றால் ஒன்றுக்கு 2.6 மீட்டர், உயர்ந்த ரகம் 2.9. மற்றவற்றுக்கு நிழல்: ஒரு மீட்டர்க் குச்சியின் நிழலையும் அந்தத் தடையின் நிழலையும் ஒரே நேரத்தில் அளந்து வகுத்தால் உயரம் வந்துவிடும். ஒல்லியான புகைபோக்கிகளைக் கண்டு பயப்பட வேண்டாம். அகலமான குளிர்விப்புக் கோபுரமும் எண்ணெய்த் தொட்டி வரிசையும்தான் தொல்லை.

அளந்ததும் கோடு தடையை உரசாமல் போனால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அலைக்குச் சுற்றிலும் இடம் வேண்டும். 5.8 கிகாஹெர்ட்ஸில் 6 கிலோமீட்டர் இணைப்புக்கு நடுப்பகுதியில் குறைந்தது 5.3 மீட்டர் காலியிடம், பூமியின் வளைவுக்கு இன்னொரு அரை மீட்டர். அதாவது 13 மீட்டர்த் தடை நடுவில் இருந்தால் கோடு அங்கே 19 மீட்டர் உயரத்தில் போக வேண்டும். 150 மெகாஹெர்ட்ஸில் இந்தக் காலியிடம் 30 மீட்டரைத் தாண்டும். நம் ஊரில் அது யாருக்கும் கிடைக்காது. அந்த அலை ஓரளவு வளைந்து போகும் என்பதால் பிழைத்துக்கொள்கிறோம்.

கண்ணாடிச் சோதனை. செலவு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. காலை வெயிலில் மறுமுனையில் ஒருவர் நின்று வெயிலை உங்கள் பக்கம் திருப்பட்டும். மின்னல் தெரிந்தால் பாதை திறந்திருக்கிறது. தெரியாவிட்டால் மென்பொருளோடு வாதாடாதீர்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம். அளந்த தடைகளைச் சேர்த்தபின் இரு முனையிலும் 15 மீட்டருக்கு மேல் கம்பம் தேவை என்று வந்தால் நிறுத்துங்கள். அதற்கு மேல் கம்பத்தை இழுத்துக் கட்டும் ஸ்டே வயரும் அடித்தளமும் இடிதாங்கியும் கணக்குத் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. ஏறுகிறவருக்குப் பெல்ட்டும் காப்பீடும் இருக்க வேண்டும். உரிமம் தேவைப்படும் அலைவரிசை என்றால் மத்திய அரசின் அலைவரிசைப் பிரிவான டபிள்யூபிசியின் ஒதுக்கீடும், கோபுர இடத்துக்குச் சாக்ஃபா குழுவின் அனுமதியும் வேறு. ட்ரோன் விட்டு அளக்கலாமே என்று தோன்றும். துறைமுகமும் சுத்திகரிப்பு ஆலையும் அனல்மின் நிலையமும் சூழ்ந்த இடத்தில் அதை அனுமதி வாங்கத் தெரிந்த நிறுவனத்திடம் விட்டுவிடுங்கள்.

## வேலை செய்கிறது, விழுகிறது, மறுபடி எழுகிறது

விழும் நேரத்தை ஒரு வாரம் எழுதுங்கள். எழுதாமல் என்னைக் கூப்பிட்டால் நான் சொல்லும் முதல் வேலையும் அதுதான். நோட்டைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம்.

நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. கடல் ஓதம். கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தையும் எண்ணூர்க் கழிவெளியையும் கடக்கும் இணைப்புகளில் பார்க்கலாம். நீரில் பட்டுத் திரும்பும் அலை நேர் அலையோடு மோதுகிறது. நீர்மட்டம் ஏற இறங்க மோதலும் மாறுகிறது. இங்கே ஓதம் ஒரு மீட்டர் அளவுதான், ஆனால் 5.8 கிகாஹெர்ட்ஸுக்கு அது போதும். எந்த உயரக் கோப்பும் இதைக் காட்டாது. முதல் மருந்து ஆன்டெனாவை ஓரிரு மீட்டர் ஏற்றியோ இறக்கியோ பார்ப்பது. ஆம், இறக்கியும்தான்: கரையோரக் கட்டடம் ஒன்று நீரின் பிரதிபலிப்பை மறைத்துவிட்டால் இணைப்பு நிமிர்ந்துவிடும்.

நாள்தோறும் ஒரே மணிக்கு. மனிதர்கள். பக்கத்து நிறுவனம் அதே அலைவரிசையில் வேலை தொடங்குகிறது, அல்லது மின் அழுத்தம் இறங்குகிறது. வரைபடத்தை விட்டுவிடுங்கள்.

சில நாள் நன்றாக, சில நாள் மோசமாக, ஒழுங்கே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த கேஸ் இது. திருவொற்றியூரில் ஒரு மாடி, மணலிக்கு அப்பால் ஒரு கிடங்கு, நடுவே 6 கிலோமீட்டர். இரு பக்கமும் ஆன்டெனா 12 மீட்டரில். நான் போட்ட நாளில் அருமையாக ஓடியது. பிறகு வாரத்தில் இரண்டு நாள் இருமல், ஒரு நாள் படுக்கை. ரேடியோ பெட்டியை மாற்றினேன், கேபிளை மாற்றினேன். மூன்றாம் முறை மாடி ஏறியபோது வத்தல் காயவைத்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா கேட்டார்:

"அந்த நீலத் தொட்டியைத்தானே பார்க்கிறீர்கள், தம்பி? கப்பல் வந்த வாரம் அது தெரியாது."

நடுவில் கண்டெய்னர் யார்டு. மூன்று பெட்டி அடுக்கினால் 7.8 மீட்டர், கோடு 12 மீட்டரில், பிழைத்தது. நான்கு என்றால் 10.4, இருமியது. ஐந்து ஏறினால் 13, படுத்தது. நான் யார்டைப் பார்க்கப் போன நாளில் இரண்டு அடுக்குதான் இருந்தது. அதையே அளந்து எழுதியிருக்கிறேன். அன்றிலிருந்து கண்டெய்னர் யார்டு என்றால் காலியாக இருந்தாலும் ஐந்து பெட்டி என்றே தடையில் சேர்க்கிறேன். அந்த இணைப்பைக் கடைசியில் வேறொரு மாடி வழியாக வளைத்துக் கொண்டுபோனோம். கம்பத்தை உயர்த்துவதைவிட மலிவு.

கோடை இரவுகளில் எங்கிருந்தோ பேச்சு கேட்கிறது. கடல்மேல் காற்று அடுக்கடுக்காகப் படியும்போது அலை குழாயில் போவதுபோல் வெகுதூரம் போகும். காசிமேட்டுப் படகுக்காரர்களுக்கு இது பழக்கம். 30 மீட்டர்க் கம்பமும் 3 மீட்டர்ப் படகு ஆன்டெனாவும் 30 கிலோமீட்டர் பேசும் என்று கணக்குச் சொல்லும், சில இரவுகளில் அதன் பல மடங்கும் கேட்கும். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். ரிப்பீட்டரில் டோன் பூட்டு (குறித்த ஒலிக்குறி வந்தால்தான் திறக்கும் வசதி) போட்டால் அந்நியப் பேச்சு நுழையாது. ஆனால் படகுகளின் அவசர அழைப்புக்கான 16ஆம் சானலை எப்போதும் திறந்தே வைத்திருக்க வேண்டும்.

மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தேய்கிறது. உப்புக் காற்றும் ஆலைப் புகையும். கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பச்சைக் களிம்பு படிந்திருந்தால் அதுதான். வெட்டி, புதிதாகப் போட்டு, ஒட்டும் ரப்பர் டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். புயலுக்குப் பிறகு திடீரென்று குறைந்திருந்தால் ஆன்டெனா திரும்பியிருக்கும். 2016 டிசம்பரில் வர்தா போன மறுநாள் நான் பார்த்த கம்பங்களில் நேராக நின்றவை குறைவு.

## வரைபடம் முடியாது என்கிறது, களத்தில் முடிகிறது

மகிழ்ச்சிதான், இருந்தாலும் காரணம் தெரிந்துகொள்வது நல்லது. தரவில் இருக்கும் மேடு இப்போது அங்கே இல்லாமல் போயிருக்கலாம். கொடுங்கையூர்க் குப்பைமேடு தரவில் குன்றாகத் தெரியும். குன்றைத் தோண்டிக் கரைக்கும் வேலை நடக்கிறது. எண்ணூரின் பழைய அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. பழைய தரவில் அதன் நிழல் கிடக்கும். கோட்டின் நடுவே நம்ப முடியாத ஒற்றை மேடு தெரிந்தால் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, கையாலேயே அந்தப் புள்ளியைத் திருத்துங்கள். ஆனால் குப்பைமேடு கரைந்த இடத்தில் நாளை என்ன எழும்பும் என்று கேட்காமல் கம்பத்தைக் குறைக்காதீர்கள்.

## சிக்னல் நிறைய, வேகம் இல்லை

நிலத் தரவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 5.725 முதல் 5.875 கிகாஹெர்ட்ஸ் வரை 2018 முதல் உரிமம் வேண்டாத பட்டை. மணலி, மாதவரம் கிடங்குகள் எல்லாம் அதில்தான் குடியிருக்கின்றன. ரேடியோ பெட்டிக்குள் இருக்கும் அலைவரிசை வருடலை (ஸ்கேன்) ஓட்டி, காலியான சானலுக்கு மாறுங்கள். அலைப்பட்டையின் அகலத்தைப் பாதியாக்குங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஸ்பெக்ட்ரம் அனலைசர் வைத்திருப்பவரை ஒரு நாள் வாடகைக்கு அழையுங்கள். அவர் வரும்போது நீங்கள் எழுதிய அந்த ஒரு வார நோட்டையும் கையில் கொடுங்கள், பாதி நேரம் மிச்சம்.